தாத்தாவின் பழைய தீட்டுக்கல்: என்ன கல் என்று கண்டுபிடித்து, மறுபடி பயன்படுத்துவது எப்படி?

வீட்டுப் பரணில் கிடைத்த தாத்தாவின் தீட்டுக்கல் கறுத்து, நடுவில் குழிந்திருக்கிறது, தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தேறும். ஆனால் எடுத்ததும் தேய்த்துச் சமப்படுத்த உட்கார்ந்துவிடாதீர்கள். முதலில் கழுவுங்கள். அழுக்கு போகாமல் அது என்ன கல் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்தக் கறுப்பு பழைய எண்ணெயும் இரும்புத் தூளும் சேர்ந்து இறுகியது. மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு பிரஷால் தேய்த்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போடுங்கள். கொதிநீர் வேண்டாம், கல் விரிசல் விடும். பாம்பன், மண்டபம் பக்கம் வள்ளத்தில் கிடந்த கல் என்றால் இன்னொரு விஷயம் இருக்கிறது: உப்பு. கல் காய்ந்ததும் மேலே வெள்ளையாகப் பூக்கும். அந்த உப்பு உள்ளே படிகமாகி மணற்கல்லைப் பொருபொருவென்று உதிர வைத்துவிடும். நல்ல தண்ணீரில் போட்டு, பூப்பது நிற்கும்வரை தண்ணீரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

சரி, என்ன கல்? ஓரத்தில் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல், நம் கடற்கரைப் பவளக்கல்லும் அப்படித்தான். எஃகை விட மென்மையானது, தீட்ட உதவாது. வெயிலில் ஒரே சீராக மினுக்கும் கருஞ்சாம்பல் துகள் தெரிந்தால் அது பெரும்பாலும் இயற்கைக் கல் அல்ல, ஆலையில் செய்த கார்போரண்டம்.

கீழக்கரை, தொண்டியில் கொழும்பு, பினாங்கு என்று போய் வந்த குடும்பங்கள் நிறைய. ஆகவே வெளிநாட்டுக் கல்லாகவும் இருக்கலாம். அதற்கு எடை பாருங்கள். டிஜிட்டல் தராசில் தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, தராசு காட்டும் எடையைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, அடியில் தட்டாமல் முழுக்க முக்குங்கள். காய்ந்த கல்லின் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி. அமெரிக்காவின் ஆர்கன்சா கல் ஏறக்குறைய முழுக்க சிலிக்கா, 2.65-ஐத் தாண்டாது. சவரக்கத்திக்குப் பேர்போன பெல்ஜியத்தின் மஞ்சள் கோட்டிகுல் கல்லில் கார்னெட் என்ற கனமான, கடினமான கனிமத்தின் நுண்ணிய மணிகள் இருப்பதால் 3-க்கு மேல் போகும். அடியில் கருநீலப் பலகைக்கல் ஒட்டியிருந்தால் இன்னும் நம்பலாம்.

குழியைப் பற்றி என் கருத்து: ஒரு முகத்தை அப்படியே விடுங்கள். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அந்த வளைவு தோதாக இருக்கும், தாத்தாவின் கை தேய்த்த தடம் அது. மறுமுகத்தை மட்டும் நேர் கத்திக்காகச் சமப்படுத்துங்கள். கண்ணாடி மேல் 120-ஆம் நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) விரித்து, கல்லில் பென்சிலால் கட்டம் போட்டு, கோடுகள் எல்லாம் அழியும்வரை தேயுங்கள். அப்புறம் 220, 400. எப்போதும் தண்ணீர் விட்டே தேயுங்கள், சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். கெட்டியான ஆர்கன்சா கல் லேசில் தேயாது, பொறுமை வேண்டும். கோட்டிகுல் அடுக்கு மெலிசு, கோடு அழிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

எண்ணெயில் பழகிய கல்லுக்கு இனி தையல் மெஷின் எண்ணெய் போதும். சமையல் எண்ணெய் மறுபடி பிசினாக இறுகிவிடும்.