சும்மா இருப்பவருக்கு என்ன எண்?

கேள்வி: என் மகன் பொறியியல் முடித்துவிட்டு மூன்று வருடமாகச் சும்மா இருக்கிறான். தெருவில் இன்னும் நாலைந்து பிள்ளைகள் அப்படியே. 2023-24இல் நாட்டில் வேலையின்மை வெறும் 3.2 சதவீதம் என்கிறது அரசு. இந்தப் புள்ளிவிவரத்தை நம்பும்படியாக ஆக்க என்ன செய்ய வேண்டும்? (பெயர் போட வேண்டாம்.)

பதில்: போடவில்லை. முதலில் அந்தச் ‘சும்மா’வைத் தீர்த்துக்கொள்வோம். பி.எல்.எஃப்.எஸ். எனப்படும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் படிவத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. தனியாகச் சொந்தத் தொழில் செய்பவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் ஒத்தாசை செய்பவர் 21. மாதச் சம்பளக்காரர் 31. வேலை தேடுபவர், கிடைத்தால் செய்யத் தயாராக இருப்பவர் 81. படிப்பவர் 91. சும்மா இருப்பவர் என்று தனிக் கட்டம் கிடையாது. வேண்டுமானால் பிச்சை எடுப்பவரோடு சேர்த்து 97, ‘இதரர்’ என்று தள்ளிவிடலாம்.

கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கு வருகிறார் என்று வையுங்கள். மகன் வெளியே போயிருக்கிறான். சும்மா இருப்பவர்கள் பகலில் வீட்டில் தங்குவதில்லை. பதில் சொல்வது நீங்கள். “பையன் என்ன பண்றாரு சார்?” “சும்மாதான் இருக்கான்.” அவர் தோண்டிக் கேட்டால் 81. “காலேஜில் மேல்படிப்பு படிக்கிறான்” என்று நீங்கள் கௌரவம் பார்த்தால் 91. அந்த நொடியே பையன் வேலையற்றவனும் இல்லை, தொழிலாளர் கணக்கிலேயே இல்லை. “நம்ம கடையில அப்பப்ப உட்காருவான்” என்றால் 21. போன வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் வாரக் கணக்கில் அவன் வேலையில் இருப்பவன்.

இந்த ஒரு மணி நேர விதி டெல்லி கண்டுபிடித்த தந்திரம் என்று நினைக்க வேண்டாம். உலகம் முழுக்கப் பழகிய அளவுகோல்தான். ஆனால் அமெரிக்காவில், சம்பளமில்லாமல் குடும்பத் தொழிலில் உதவுகிறவர் வாரத்துக்கு 15 மணி நேரமாவது உழைத்தால்தான் கணக்கில் ஏறுவார். அந்தக் கோட்டை இங்கேயும் போட்டு, இரண்டாவதாக ஒரு விகிதம் வெளியிட்டால் என்ன குடி முழுகிவிடும்?

வேலையின்மையே இல்லாத நாடு ஒன்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. வரன் தேடும் விளம்பரப் பக்கம். அங்கே வேலையில்லாத மாப்பிள்ளை ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ‘சொந்தத் தொழில்’, ‘குடும்ப பிசினஸ்’, ‘ரியல் எஸ்டேட்’, ‘ஏற்றுமதி’ (எதை என்று எவரும் கேட்பதில்லை). சமீபத்திய வரவு ‘ஆன்லைன் டிரேடிங்’. பெண் வீட்டார் இதை நம்பிப் பெண் கொடுத்துவிடுகிறார்களா? ஒரு சித்தப்பாவை அனுப்புகிறார்கள். அவர் பையன் வீட்டுத் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேட்கிறார்: தம்பி எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்? வண்டிக்குப் பெட்ரோல் யார் காசு? ஏற்றுமதி அத்தோடு இறக்குமதியாகிவிடும்.

இந்த ஆய்வை நடத்தும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்துக்கு வேண்டியவர்கள் இந்தச் சித்தப்பாக்கள். நல்ல பயிற்சி, நிரந்தர வேலை, ஒரு வீட்டில் கூடுதலாகப் பத்து நிமிடம் உட்காரும் பொறுமை. நடப்பதென்ன? வீடு வீடாகப் போகிறவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். நாட்டின் வேலையை எண்ணுகிறவருக்கே வேலை நிரந்தரமில்லை.

நல்லதும் நடந்திருக்கிறது, மறைக்க மாட்டேன். 2025 ஜனவரியிலிருந்து ஆய்வுக்கு எடுக்கும் வீடுகள் ஒரு லட்சத்துச் சொச்சத்திலிருந்து 2.7 லட்சமாகிவிட்டன. மாதா மாதம் விகிதம் வருகிறது. உடனே நம் தொலைக்காட்சி மேதைகள் 2025 ஏப்ரல் மாதத்தின் 5.1-ஐ எடுத்து வருடாந்தர 3.2-க்குப் பக்கத்தில் வைத்து, வேலையின்மை எகிறிவிட்டது என்று அலறினார்கள். ஒன்று போன ஏழு நாளைப் பார்க்கும் வாரக் கணக்கு, மற்றது போன ஒரு வருடத்தைப் பார்க்கும் வருடக் கணக்கு. அந்த 3.2 வந்த அதே 2023-24 அறிக்கையில் வாரக் கணக்கு 4.9. பதினைந்திலிருந்து 29 வயது வரையிலானவர்களுக்கு வருடக் கணக்கே 10.2. உங்கள் மகன் இருக்கும் வரிசை அது.

வருங்கால வைப்பு நிதிப் பட்டியலில் புதுப் பெயர் ஏறினால் புது வேலை பிறந்தது என்று அடித்துச் சொல்லும் சக பத்திரிகைக் கட்டுரையாளர் ஒருவரோடு எனக்கு நெடுநாள் வழக்கு. 19 பேர் வேலை செய்யும் பட்டறையில் இருபதாவது ஆள் சேர்ந்தால் சட்டம் பொருந்தும். பழைய 19 பேரும் புதியவர்களாக ஏடேறக்கூடும். பிறந்தது ஒன்று, பெயர் சூட்டல் இருபது! அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

ஆகவே 3.2 பொய்யா? பொய்யில்லை. 2017-18இல் 6.1 ஆக இருந்தது 2023-24இல் அப்படிக் குறைந்தது. அதே காலத்தில் உழைப்பவர்களில் மாதச் சம்பளக்காரர் பங்கு 22.8-லிருந்து 21.7 ஆக இறங்கியது. சொந்தத் தொழில்காரர், சம்பளமில்லா உதவியாளர்களையும் சேர்த்து, 52.2-லிருந்து 58.4 ஆக ஏறினார்கள். எல்லாம் அரசே அச்சிட்டவை. முதல் வரியை மட்டும் மேடையில் படிக்கிறார்கள்.

அந்த 6.1 வெளியே வந்த கதை தெரியுமல்லவா? அறிக்கை கிடப்பில் போடப்பட்டது என்று 2019 ஜனவரியில் அரசின் புள்ளிவிவரப் பணிகளை மேற்பார்க்கும் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து அதன் உறுப்பினர்கள் பி.சி.மோகனனும் ஜே.வி.மீனாட்சியும் விலகினார்கள். தேர்தல் முடிந்து, புது அமைச்சரவை பதவியேற்ற மறுநாள், மே 31 அன்று, அறிக்கை வெளியானது. அமெரிக்காவில் 2025 ஆகஸ்டில் எண் பிடிக்காத அதிபர் புள்ளியியல் துறைத் தலைவரையே நீக்கினார். அங்கே எண் வந்த பிறகு ஆளை அனுப்பினார்கள். இங்கே ஆட்கள் போன பிறகுதான் எண் வந்தது.

ஆணையத்துக்குச் சட்டத்தின் பலம் வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் சி.ரங்கராஜன் தலைமையிலான குழு 2001-லேயே சொன்னது. 2006-இல் அமைக்கப்பட்ட ஆணையம் அரசின் தீர்மானத்தில் பிறந்தது, நாடாளுமன்றச் சட்டத்தில் அல்ல. எந்த அறிக்கை எந்தத் தேதியில் வரும் என்பதை அமைச்சர் தொட முடியாதபடி எழுதிவைக்க அந்தச் சட்டம் தேவை. அடுத்த முறை உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு வந்தால் இதைக் கேளுங்கள். மகனுக்கு வேலை கேட்டால்கூட ‘பார்க்கலாம்’ என்பார், இதற்கு முழிப்பார்.