பின்னல் தியானமாகுமா? – கடிதம்

வணக்கம். சில காலமாக இரவில் படுக்கப் போகும் முன் குரோஷே (ஒற்றைக் கொக்கி ஊசியால் நூலைப் பின்னும் கைவேலை) பின்னுகிறேன். ஊசியைக் கையில் எடுத்த சற்று நேரத்திலேயே பகல் முழுவதும் துரத்திய கவலைகள் அடங்கிவிடுகின்றன. இதுதான் என் தியானம் என்று தோழியிடம் சொன்னேன். முறையாகத் தியானம் பயில்பவரான அவர், "இது தியானம் அல்ல, கவலையிலிருந்து தப்பி ஓடுவது" என்கிறார். அவர் சொல்வது சரிதானா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் தோழி சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. மனத்தின் அலைச்சலையே விலகி நின்று கவனிக்கச் சொல்லும் தியான முறைகளோடு ஒப்பிட்டால், பின்னல் வேறு வகையானது. ஆனால் மூச்சை எண்ணுவதும் மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதும்கூடத் தியானம்தான். ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1970களில் இத்தகைய முறைகளை ஆராய்ந்து, ஒரு சொல்லையோ அசைவையோ தொடர்ந்து செய்வதும், குறுக்கிடும் எண்ணங்களோடு மல்லுக்கு நிற்காமல் அந்தச் செயலுக்கே திரும்புவதும் சேர்ந்தால் இதயத்துடிப்பும் மூச்சும் நிதானமாகின்றன என்று விளக்கினார். கண்ணிகளை (நூல் வளையங்களை) எண்ணிக்கொண்டே பின்னுபவரிடம் இவ்விரண்டும் இயல்பாகவே அமைந்துவிடுகின்றன.

குரோஷேயில் எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இரண்டு ஊசிகளால் ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு வரிசையின் கண்ணிகள் எல்லாம் ஊசியிலேயே காத்திருக்கும். ஒன்று நழுவினால் கீழ்வரிசைகள்வரை பிரிந்துகொண்டே போகும். குரோஷேயில் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் ஊசியில் திறந்திருக்கிறது. தவறு தெரிந்தால் அந்த இடம்வரை நூலை இழுத்துப் பிரித்துவிட்டு, அங்கிருந்தே தொடரலாம். எதையும் திருத்த முடியாதோ என்று அஞ்சிக்கொண்டே இருக்கும் மனத்துக்கு இது பெரிய ஆறுதல் என்பது என் எண்ணம். (அனுபவப்பட்டவர்கள் ஸ்வெட்டரிலும் நழுவிய கண்ணியை எளிதாக மீட்டுவிடுவார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

ஆய்வுகளும் உங்கள் பக்கம்தான், ஆனால் ஓர் எல்லைவரை. 2013இல் பிரிட்டனின் தொழில்வழிச் சிகிச்சை இதழொன்றில் வெளியான, கேள்விகள் கேட்டு நடத்திய ஆய்வில் இரண்டு ஊசிகளால் பின்னும் 3,545 பேர் பங்கேற்றனர். அடிக்கடி பின்னுபவர்களே அதிக அமைதியை உணர்வதாகத் தெரிவித்தனர். எனினும் அத்தகைய கேள்விகளுக்கு ஆர்வத்தோடு பதில் எழுதுபவர்கள் ஏற்கெனவே பின்னலை நேசிப்பவர்கள். எரிச்சலடைந்து ஊசியைத் தூக்கிப் போட்டவர்களின் குரல் அதில் இடம்பெற்றிருக்காது. மேலும் பின்னுவதால் அமைதி வந்ததா, அமைதியானவர்கள் அதிகம் பின்னுகிறார்களா என்பதை அந்த எண்களைக் கொண்டு சொல்லிவிட முடியாது.

அமைதி நூலுக்குள் ஒளிந்திருப்பதும் இல்லை. கை பழகிவிட்ட, ஆனால் எண்ணிக்கையில் சிறிதளவு கவனத்தைக் கேட்கும் வேலை, கவலைக்குப் போயிருக்க வேண்டிய கவனத்தைத் தான் எடுத்துக்கொள்கிறது. வரைபடத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் நுணுக்கமான பின்னலோ, குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டிய அன்பளிப்போ பதற்றத்தையே கூட்டும்.

தப்பி ஓடுவதா என்ற கேள்விக்கு, ஊசியைக் கீழே வைத்த பிறகு நடப்பதைக் கொண்டே விடை சொல்ல முடியும். கவலைக்குரிய காரியத்தை முன்னைவிட நிதானமாகக் கையாள முடிந்தால், தோழியின் சொல் உங்களுக்குப் பொருந்தாது. அதைத் தள்ளிப்போடுவதற்காகவே மறுபடியும் நூலை எடுக்கிறீர்கள் என்றால், அவர் சொன்னதைச் சற்று யோசித்துப் பாருங்கள். எப்படியானாலும், இரவுக்கு ஒரே வகைக் கண்ணி திரும்பத் திரும்ப வரும் எளிய போர்வை ஒன்றை வைத்துக்கொண்டு, சிக்கலான வேலைப்பாடுகளைப் பகலுக்கு ஒதுக்கிவிடுங்கள்.