மழைச் சத்தம் கேட்டும் எழுந்து போகாதவர்

வணக்கம் ஐயா,

கல்முனையில் ஒரு நிறுவனத்தின் கிளைக்கு முகாமையாளராக இருக்கிறேன். எனக்குக் கீழே 11 பேர். எதற்கெடுத்தாலும் "சேர், என்ன செய்யட்டும்?" என்று வந்து நிற்கிறார்கள். லீவில் நின்றாலும் போன் ஓயாது. போன மாசம் ஒரு பிள்ளை என்னிடம் கேட்காமல் ஒருவருக்குத் தவணையை மாற்றிக் கொடுத்து, அது பிசகி, எல்லாருக்கும் முன்னால் ஏசவேண்டி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை. கொழும்பிலிருந்து ஆளைக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சி வைக்கலாமா? இவர்களைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது எப்படி?

ஒரு வாசகர், கல்முனை

அன்புள்ள தம்பி,

பயிற்சி வைப்பதென்றால் வையுங்கள். அதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை என்கிறீர்களே, அதைத்தான் ஏற்கமாட்டேன். 11 பேரில் ஒருத்தி தானாக ஒரு முடிவெடுத்திருக்கிறாள். அவளைச் சபையில் வைத்து ஏசியிருக்கிறீர்கள். மற்றப் பத்துப் பேரும் அன்றைக்கே படித்துக்கொண்டார்கள்: கேட்டுச் செய்தால் பிழை சேருடையது, கேட்காமல் செய்தால் பிழை நம்முடையது. பிறகு ஏன் போன் ஓயும்?

மாரி பிடித்த நாளிலிருந்து நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் அம்மப்பாவுக்கு மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல். வயல்வெளிக்குள் தங்குவதற்கு ஒரு குடிசை, வாடி என்போம். வயலைப் பொறுப்பாகப் பார்க்கும் முல்லைக்காரர் காய்ச்சலில் படுத்த ஒரு மாரியில், அவருடைய மகன்தான் வயலைப் பார்த்தான். பதினெட்டு வயதிருக்கும். பின்னேரம் வானம் கறுத்ததும், வரம்பில் தண்ணீர் வடிய விடும் வாயை, அதுதான் வக்கடை, என்ன செய்வதென்று அம்மப்பாவிடம் கேட்க ஓடிவந்தான்.

"போடியார், வக்கடைய வெட்டி உடவா, இப்பிடியே கிடக்கட்டா?"

"இறங்கிப் பாத்தியா மனே?"

"இல்ல."

"பாத்திட்டு வா."

முழங்கால்வரை சேறோடு திரும்பி வந்தான். நாற்றுக்குத் தண்ணீர் இன்னும் காணாது, வக்கடையைக் கட்டியே வைக்கலாம் என்றான். "சரி, உன்ர யோசின" என்றார் அம்மப்பா. அவ்வளவுதான்.

இரவு கொட்டித் தீர்த்தது. நான் அவருக்குப் பக்கத்தில் பாயில் படுத்திருந்தேன். கூரையில் மழை பலக்கப் பலக்க அவர் எழும்பி உட்காருவார். மண்வெட்டிப் பிடியைத் தடவுவார். திரும்பவும் படுப்பார். விடியும்வரை இதுதான். வெளியே போய் நாலு வெட்டு வெட்டியிருந்தால் வரம்பு தப்பியிருக்கும். அது அவருக்கும் தெரியும். போகவில்லை. காலையில் பார்த்தால் வரம்பு உடைந்து ஒரு மூலை நாற்றை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. பெடியன் அழுகிற முகத்தோடு நின்றான். அம்மப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அவனோடு சேர்ந்து வரம்பைக் கட்டினார். கட்டி முடித்துக் கையைக் கழுவும்போதுதான் கேட்டார்: "அடுத்த மழைக்கு என்ன செய்வாய்?" அவன் சொன்னான். அதற்குப் பிறகு தண்ணீர் விஷயமாக அவன் வாடிப் பக்கம் வந்ததை நான் காணவில்லை.

தம்பி, உங்கள் பாடும் அந்த இரவுதான். பிள்ளை வந்து நிற்கும்போது விடை உங்கள் நாக்கு நுனியில் இருக்கும். அரை நிமிஷத்தில் சொல்லிவிடலாம், வேலையும் முடிந்துவிடும். அதை விழுங்கத் தெரியாதவர் ஒருவருக்கும் ஒன்றும் பழக்க முடியாது. "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறக்குமுன் நீங்களே சொல்லாதீர்கள். சொன்னதை அவள் செய்யும்போது பின்னால் போய் எட்டிப் பார்க்காதீர்கள். பிசகினால் நட்டம் ஒரு மூலை நாற்றுத்தான். அந்த நட்டத்தைத் தாங்க உங்களுக்கு மனமில்லையென்றால் பிள்ளைகளைக் குறை சொல்லவேண்டாம்.

எல்லாவற்றையும் அவிழ்த்து விடச் சொல்லவில்லை. விதைநெல்லை மட்டும் அம்மப்பா ஒருவர் கையிலும் விட்டதில்லை. எது உங்கள் கையெழுத்துக்கு வரவேண்டும், எது வரத் தேவையில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். தவணை மாற்றும் அதிகாரம் அவளுக்கு உண்டா இல்லையா என்று அந்தப் பிள்ளைக்கு ஆராவது சொல்லியிருந்தார்களா?

உங்கள் அம்பாறை மாவட்டத்திலேயே இதற்கொரு சாட்சி உண்டு. 1981இல் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் இளம் ஒழுங்கமைப்பாளர்களை விவசாயிகளோடு குடியிருக்க விட்டார்கள். தலைமை தாங்குவது அவர்களுடைய வேலையல்ல. விவசாயிகளைக் கூட்டிப் பேச வைப்பது, முடிவை அவர்களிடமே விடுவது, இவ்வளவுதான். அந்த வருஷம் குளத்தில் கால்வாசித் தண்ணீர். விவசாயிகள் தாங்களே வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள். மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே கடைசி வாய்க்காலில் இருந்த தமிழ் விவசாயிகளுக்குத் தண்ணீரை விட்டார்கள். ஒழுங்கமைப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் நிரந்தர ஆசிரியர் வேலை கிடைத்ததும் நடுவிலேயே போய்விட்டார்கள். விவசாயிகள் கட்டிய அமைப்புக் கலையவில்லை.

நீங்கள் கெட்ட மனிதரல்ல. லீவிலும் போனை எடுக்கிறவர் வேலையில் அக்கறையுள்ளவர்தான். நாளைக்குக் கந்தோர் திறந்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிடுங்கள். எல்லாருக்கும் முன்னால் ஏசினீர்கள் அல்லவா, எல்லாருக்கும் முன்னாலேயே மன்னிப்புக் கேளுங்கள். அந்தத் தவணையை ஏன் மாற்றினாள் என்று கேட்டு, சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இருங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கும் எழுதுங்கள்.