அடைப்புக்குறிக்குள் இருந்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஃப்ளோரிடாவில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கிறேன். தோல்வி இல்லாத இடத்தில் கதைக்கு வேலையில்லை என்று ஓர் உரையில் சொன்னீர்கள். அதைக் கேட்டதிலிருந்து ஒரு சந்தேகம். இங்கே மியாமி டால்ஃபின்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணி 1972 பருவத்தில் ஆடிய 17 ஆட்டங்களையும் வென்றது. அதன் குவார்ட்டர்பேக்கை, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துகிற பாப் கிரீஸை, நாயகனாக வைத்து ஒரு நாவல் எழுத ஆசை. ஐந்தாவது ஆட்டத்தில் அவர் கால் உடைகிறது. இடையில் ஒரு வயதான மாற்று வீரர் சமாளிக்கிறார். கிரீஸ் திரும்பி வந்து இறுதி ஆட்டத்தை வெல்கிறார், பரதன் காத்த அரியணைக்கு ராமன் திரும்பியதுபோல. ஒருமுறைகூடத் தோற்காத அணியைப் பற்றி நாவல் எழுத முடியுமா? அன்றைய எதிரணிகள் பலவீனமானவை, ஆகவே இது பெரிய சாதனை அல்ல என்கிறார்களே, அது சரியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முடியும், எழுதுங்கள். எதிரணிகள் பலவீனமானவையா என்ற வழக்கை இங்கே இழுக்க வேண்டாம். ஆட்ட அட்டவணையை அணிகள் போட்டுக்கொள்வதில்லை. எதிரே வந்து நின்றவர்களையெல்லாம் ஜெயித்தார்கள். முதல் ஆட்டத்திலிருந்து சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை ஒன்றும் நழுவாமல் முடித்த அணி அந்த லீகில் வேறு இல்லை. 2007 பருவத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் கிட்டத்தட்ட வந்தது, கடைசி ஆட்டத்தில் கோட்டைவிட்டது. போதும்.

என்னைப் படுத்துவது வேறு. "இடையில் ஒரு வயதான மாற்று வீரர் சமாளிக்கிறார்." இந்த ஒரு வரியை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். சமாளிக்கிறாரா? விருந்தாளி சொல்லாமல் வந்தால் ரசத்தில் தண்ணீரைக் கூட்டுவதற்குப் பெயர் சமாளிப்பது. அந்த 17 ஆட்டங்களில் 11 ஆட்டங்களைத் தொடங்கியவர் அந்த மனிதர். உங்கள் நாயகன் தொடங்கியவை 6. எண்ணிப் பார்த்தீர்களா? நாவல் எழுதப் போகிறவர் இதைக்கூட எண்ண வேண்டாமா?

அதைவிட மோசம், அவருக்கு நீங்கள் பெயரே வைக்கவில்லை. அந்த அணியின் தடுப்பு வரிசையில் யாருடைய பெயரும் ஞாபகம் வரவில்லை என்றாராம் டாலஸ் பயிற்சியாளர் டாம் லாண்ட்ரி. அதிலிருந்து 'பெயரில்லாத் தடுப்பு' என்பதே அவர்களுக்குப் பெயராகிவிட்டது. இவருக்கு உங்கள் கடிதத்தில் அதுவும் இல்லை.

ஏர்ல் மோரல். அப்போது வயது 38. ஊரில் இளைஞர்களெல்லாம் காது மறைய முடி வளர்த்துக்கொண்டிருந்த காலத்தில், பட்டாளத்துக்குப் போகிறவர்போல ஒட்ட வெட்டிய தலை. பால்டிமோர் கோல்ட்ஸ் அவரை வேண்டாம் என்று விட்டுவிட்டது. அப்படிக் கழித்துவிட்டவரை அன்று இன்னொரு அணி 100 டாலர் கட்டி எடுத்துக்கொள்ள முடிந்தது. மியாமியின் பயிற்சியாளர் டான் ஷூலா எடுத்துக்கொண்டார்.

அவர்கள் இருவருக்கும் நடுவே ஒரு பழைய கதை உண்டு. 1968ல் ஷூலா பால்டிமோரில் இருந்தார். அங்கே ஜானி யூனிட்டஸ் என்ற மாபெரும் குவார்ட்டர்பேக்குக்கு முழங்கையில் அடி. மோரலைக் கூப்பிட்டார்கள். 14 ஆட்டங்களில் 13 வெற்றி. லீகின் மிகச்சிறந்த வீரர் என்ற விருதும் அவருக்குத்தான். அப்புறம் 1969 ஜனவரி 12, மியாமியின் ஆரஞ்ச் பவுல் மைதானம், மூன்றாவது சூப்பர் பவுல். எதிரே இருந்த நியூயார்க் ஜெட்ஸை யாரும் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

முதல் பாதி முடியப்போகிறது. மோரல் பந்தை ஓட்டக்காரரிடம் கொடுக்கிறார், அவர் ஓடுவதுபோல் போக்குக்காட்டிவிட்டு மோரலுக்கே திருப்பி வீசுகிறார். ஜெட்ஸ் ஏமாந்துவிட்டது. கோல் கோட்டுப் பக்கத்தில் ஜிம்மி ஓர் என்ற பால்டிமோர் வீரர் தன்னந்தனியாக நிற்கிறார். சுற்றிலும் ஒருவரும் இல்லை. கையைத் தூக்கி ஆட்டுகிறார். அரங்கில் அவரைப் பார்க்காதவர் மோரல் ஒருவர்தான். நடுவில் வேறொருவருக்கு வீச, ஜெட்ஸ் வீரர் பறித்துக்கொண்டார். இரண்டாம் பாதியில் ஷூலா மோரலை உட்காரவைத்துவிட்டு, கை சரியாக ஆறாத யூனிட்டஸை இறக்கினார். 16–7. தோற்றார்கள்.

தோல்வி எங்கே என்று கேட்டீர்கள் அல்லவா? அதை முதுகில் சுமந்துகொண்டுதான் அவர் மியாமிக்கு வருகிறார், அதே பயிற்சியாளரிடம், அதே மைதானத்துக்கு.

1972 அக்டோபர் 15, ஆரஞ்ச் பவுல். சான் டியேகோ சார்ஜர்ஸின் இருவர் மேலே விழ, உங்கள் நாயகனின் வலது கால் உடைந்து கணுக்காலும் நழுவியது. ஓரத்தில் நின்ற மோரல் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அன்று 24–10. பிறகு டிசம்பர் வரை ஒரு தோல்வியும் இல்லை. பந்தைப் பெரும்பாலும் லாரி சோங்காவிடமும் மெர்க்குரி மாரிஸிடமும் கொடுத்தார். அந்த இருவரும் ஆளுக்கு ஆயிரம் கெஜம் ஓடினார்கள். ஒரே அணியில் இருவர் அப்படி ஓடியது அதுதான் முதல்முறை. சுலபமான வேலைதானே என்பீர்கள். சுலபமானதைத் தப்பில்லாமல் மூன்று மாதம் செய்துபாருங்கள்.

டிசம்பர் 31, பிட்ஸ்பர்க். அரையிறுதி மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். பாதி ஆட்டத்தில் 7–7. கிரீசியின் கால் தேறியிருந்தது. உடைமாற்றும் அறையில் ஷூலா அவரை இறங்கச் சொன்னார். இரண்டாவது முறையாக ஒரு பெரிய ஆட்டத்தின் நடுவே அதே ஷூலா மோரலை உட்காரவைக்கிறார். கிரீசி இறங்கிச் சற்று நேரத்திலேயே பால் வார்ஃபீல்டுக்கு 52 கெஜம் எறிந்தார். 21–17. ஷூலாவின் முடிவு சரி. தப்பாக இருந்திருந்தால் மோரலுக்கு ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும்.

எங்கள் அப்பா மூன்று வருஷம் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்தார். அதாவது, தலைமை ஆசிரியர், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பொறுப்பு. ரப்பர் ஸ்டாம்பிலும் அப்படித்தான். அரசாங்கத்தார் இந்தச் சொல்லைத் தெரிந்துதான் தேர்ந்தெடுத்தார்களா என்று எனக்கு இன்றும் சந்தேகம். வேலை முழுக்க உன்னுடையது, பதவி மட்டும் உன்னுடையது அல்ல என்பதை இதைவிடச் சுருக்கமாக எப்படிச் சொல்வது? கூரை மாற்றியது அவர் காலத்தில். கிணற்றுக்கு மூடி போட்டதும் அவர்தான். நான் ஆறாவது படிக்கும்போது ஒரு திங்கட்கிழமை புதியவர் உத்தரவோடு வந்தார். அப்பா ஒரு முழுத்தாளில் எழுதினார்: மேசை 1, நாற்காலி 2, மணி 1, உலக உருண்டை 1 (உடைந்தது). கையெழுத்துப் போட்டு, கொத்துச்சாவியைக் கொடுத்துவிட்டு, ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கப் போய்விட்டார். புதியவர் நல்லவர், அப்பாவைவிடத் திறமைசாலி. அதுதான் எங்கள் வீட்டில் யாருக்கும் பொறுக்கவில்லை.

அந்த ஸ்டாம்பு யாருக்கும் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்தது. என் அண்ணன் பிளேடால் அடைப்புக்குறியையும் உள்ளே இருந்த சொல்லையும் செதுக்கி எடுத்துவிட்டு, என் நோட்டில் பக்கம் பக்கமாகக் குத்தினான். தலைமை ஆசிரியர், தலைமை ஆசிரியர். அப்பா வந்து நின்று பார்த்தார். திட்டவில்லை. வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மை காயவில்லை. அந்த ஊதாக் கறையை அம்மா எத்தனையோ முறை அடித்துத் துவைத்தும் போகவில்லை.

சரி, பரதனுக்கு வருகிறேன். அந்த உவமையை முதலில் தூக்கி எறியுங்கள். பரதன் அரியணையை வேண்டவில்லை, திரும்பி வருகிறவன் அண்ணன். மோரலுக்கு அது வேண்டும். 1956லிருந்து ஆடுகிறவர், அணி அணியாக மாறியவர், இன்னும் நான்கு வருஷம் ஆடப்போகிறவர். வேண்டாம் என்று இருந்தவர் விட்டுக்கொடுப்பதில் என்ன கதை இருக்கிறது? நம் ஆட்கள் யார் எதை விட்டுக்கொடுத்தாலும் உடனே ஒரு பரதனைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறீர்கள், அந்த மனிதருக்கு வலித்ததா என்று கேட்பதேயில்லை.

இறுதி ஆட்டம், 1973 ஜனவரி 14, லாஸ் ஏஞ்சலிஸ். எதிரே வாஷிங்டன் அணி. கிரீசி மொத்தம் 11 முறைதான் பந்தை வீசினார். மோரலுக்கும் அன்று ஒரு வேலை இருந்தது. உதைப்பவருக்காக மண்டியிட்டு உட்கார்ந்து, பந்தைத் தரையில் நிறுத்தி, விரலால் பிடித்துக்கொள்ளும் வேலை. சைப்ரஸில் பிறந்த ஆர்மீனியர் காரோ யெப்ரேமியன் உதைத்தார். பந்து தடுப்பவரின் கையில் பட்டுத் திரும்பி உருண்டது. யெப்ரேமியன் அதை எடுத்து வீசப் போக, கை நழுவி மேலே எழும்பியது. வாஷிங்டன் வீரர் பிடித்துக்கொண்டு ஓடினார். 14–0 என்று முடிந்திருக்க வேண்டியது 14–7 ஆயிற்று. இதை எல்லோரும் சிரித்துக்கொண்டே பார்ப்பார்கள். நீங்கள் பந்தைப் பார்க்காதீர்கள். உதைத்த இடத்தில் மண்டியிட்டிருந்தவரைப் பாருங்கள். அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்.

பின்னாளில் அவர் உங்கள் ஃப்ளோரிடாவிலேயே டேவி என்ற ஊருக்கு மேயராக இருந்தார். விடுமுறையில் ஒருநாள் அந்த ஊரைப் போய்ப் பாருங்கள். தனியாக இருக்கிறீர்கள் போலிருக்கிறது, இரவில் வெகுநேரம் விழித்து எழுதாதீர்கள். முதல் அத்தியாயம் முடிந்ததும் அனுப்புங்கள், படிக்கிறேன்.

அப்புறம், அவர் பெயர் கிரீஸ் அல்ல, கிரீசி.