பிறந்தநாள் பாட்டு குழலில் ஏன் அழுகிறது?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒன்றரை வருஷமாகப் புல்லாங்குழல் கற்கிறாள். ஜண்டை வரிசை முடிந்திருக்கிறது. மார்கழியில் தேன்கனிக்கோட்டையில் என் மாமனாருக்கு எழுபதாவது பிறந்தநாள். கேக் வெட்டும்போது எல்லோரும் பாடும் பாட்டை இவள் குழலிலும், நாத்தனார் மகள் வீணையிலும் வாசிக்க ஆசைப்படுகிறார்கள். காதால் கேட்டு வாசித்தால் பாட்டு அழுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு தாய், பாலக்கோடு

பதில்: அம்மா, தவறு காதில் இல்லை, விரல் பழக்கத்தில் இருக்கிறது. சரளி, ஜண்டை என்ற ஆரம்பப் பாடங்கள் எல்லாம் மாயாமாளவகௌளை ராகம். அதில் ரி, த இரண்டும் கோமளம், அதாவது தாழ்ந்தவை. துளையைப் பாதி மூடி அரைத்துளை பிடித்துப் பிடித்து விரல் அப்படியே படிந்திருக்கும். இந்தப் பாட்டோ சங்கராபரண ராக ஸ்வரங்களில் போகிறது; அதில் ரி, த இரண்டும் உயர்ந்தவை.

பப தா பா ஸா | நீ ;
பப தா பா ரீ | ஸா ;
பப பா கா ஸா | நீ தா
மம கா ஸா ரீ | ஸா ;

ப, த, நி மந்திரம், அதாவது கீழ் ஸ்தாயி. மூன்றாம் வரியில் ‘பப’வுக்கு அடுத்த ‘பா’ மட்டும் மத்ய (நடு) ஸ்தாயி.

ஊதும் துளைப் பக்கமிருந்து எண்ணுங்கள்: பா ஐந்து துளை மூடி, தா நான்கு, ஸா இரண்டு, ரீ ஒன்று, கா எல்லாம் திறந்து. இவை முழுத்துளைகள். நிஷாதம் (நீ) மட்டும் இரண்டு மூடி, மூன்றாவதை அரையாகத் திறக்க வேண்டும். மூன்றையும் முழுக்க மூடிவிட்டால் ஹரிகாம்போதி ராகத்தின் தாழ்ந்த நிஷாதம் வந்துவிடும். முதல் வரியிலேயே பாட்டு கெட்டுவிடும். தினமும் ‘ஸா நீ ஸா’ என்று நீட்டி, சுருதிப் பெட்டியோடு பழகட்டும்.

மூன்றாம் வரிதான் பலருக்கும் இடறும். மந்திர பாவிலிருந்து மேல் பாவுக்குத் தாவ விரல் அசைய வேண்டியதில்லை, அதே ஐந்து துளைதான். உதட்டைக் குவித்து மூச்சைக் கூர்மையாக்கினால் போதும். பலமாக ஊதினால் பிசிறும். ‘மம’ ஆறு துளை மூடி அதே மேல் மூச்சில். அடுத்த ‘கா’வுக்கு ஆறு விரலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். அப்போது குழல் நழுவாமல் கட்டைவிரல்களும் தாடையும் தாங்கட்டும்.

தாளம் மூன்று எண்ணிக்கை. ‘பப’ மூன்றாம் எண்ணிக்கையில் வரும், தட்டு ‘தா’வில் விழும். கமகம் (ஸ்வரத்தை அசைப்பது) கொஞ்சமும் வேண்டாம். கூட்டம் கூடவே பாடுகிறதே, ஸ்வரம் நேராக நின்றால்தான் அவர்கள் குரல் சேரும். மூன்றாம் வரியின் ‘நீ தா’வில் ‘தாத்தா’ அழகாக உட்காரும்.

வீணையில் பஞ்சமத் தந்தியை மீட்டினால் பா, அதிலேயே இரண்டாம் மெட்டு (தண்டியில் விரல் அழுத்தும் கட்டம்) தா, நான்காம் மெட்டு நீ. பிறகு சாரணி என்ற முதல் தந்தி: வெறும் தந்தி ஸா, 2 ரீ, 4 கா, 5 மா, 7 பா. குழலுக்காக வீணைத் தந்தியை ஏற்றி முறுக்காதீர்கள், அறுந்துவிடும்; வீணையின் கட்டைக்கு (சுருதி அளவுக்கு) ஒரு குழல் வாங்குவதே நல்லது.

மார்கழி மாலையில் தேன்கனிக்கோட்டைக் குளிரில் குழலின் சுருதி இறங்கும், ஊத ஊத ஏறும். கேக் வருவதற்கு முன் அவள் ஐந்து நிமிஷம் ஊதிச் சூடேற்றட்டும். வீணையை அதன் பிறகு சுருதி சேருங்கள்.