மெல்போர்னில் சின்ன பேண்டுகளின் ஷோ முடிந்த பிறகுதான் தெரிகிறதா?

பாட்டுச் செயலியில் ஃபாலோ செய்தால் மட்டும் போதாது, பேண்டுகள் தங்கள் பாட்டை நேரடியாக விற்கும் தளமான பேண்ட்கேம்பிலும் அந்த பேண்டுகளை ஃபாலோ செய்யுங்கள், புதுப் பாட்டு வந்ததும் மெயில் வந்துவிடும்.

ஷோ தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: பெரும்பாலும் டிக்கெட் தளங்களில் ஏறியதைத்தான் செயலி காட்டும், பப்பில் வாசலிலேயே காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடும் ஷோ அங்கே வராமலே போகலாம்.

கோலிங்வுட்டில் இருக்கும் டோட், நார்த்கோட்டில் இருக்கும் நார்த்கோட் சோஷியல் கிளப் மாதிரி ஷோ நடக்கும் இடங்களின் சொந்தப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள், அப்புறம் டிரிபிள் ஆர் வானொலியின் கிக் கைடையும் (ஷோ பட்டியல்) பாருங்கள். போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் பெயர்களை புதுக் கலைஞர்கள் பாட்டை ஏற்றும் தளமான டிரிபிள் ஜே அன்எர்த்டில் தேடிக் கேளுங்கள், என்னைக் கேட்டால் நல்ல சரக்கு அங்கேதான்.

17 வயதுத் தம்பியைக் கூட்டிப்போவதாக இருந்தால் கவனியுங்கள், பல பப் ஷோக்கள் 18 பிளஸ். 'ஆல் ஏஜஸ்' (எல்லா வயதினரும் வரலாம்) என்று போட்டிருந்தால் மட்டும் டிக்கெட் எடுங்கள்.