இணைய விளையாட்டில் பழைய ஆட்டக்காரர்கள் புதியவர்களுக்கு எப்படி உதவலாம்?

கேள்வி கேட்டவர், தாம் பல ஆண்டுகளாக ஆடிவரும் ஒரு விளையாட்டுக்குத் தம் நண்பர்கள் புதிதாக வந்திருப்பதாகவும், உதவப்போய் அவர்களுடைய ஆட்டத்தையே கெடுத்துவிடுவோமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறார். அந்த அச்சம் நியாயமானது. நான் அப்படிக் கெடுத்தவன் என்பதால் சொல்கிறேன்.

நான் ஆடுவது ஈவ் ஆன்லைன். ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரைச் சேர்ந்த சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு இது. சீனாவுக்குத் தனி வழங்கி உண்டு; மற்ற நாட்டினர் எல்லாரும் 7000-க்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்கள் கொண்ட ஒரே பிரபஞ்சத்தில்தான் பறக்கிறோம். அதனால் நேற்றுக் கணக்குத் தொடங்கியவரும் இருபது ஆண்டு ஆடியவரும் ஒரே வழித்தடத்தில் எதிரெதிரே வந்து நிற்கக்கூடும். இங்கே கப்பல் அழிந்தால் அழிந்ததுதான். அடுத்த சுற்றில் அது திரும்பக் கிடைப்பதில்லை. காப்பீடு கப்பலின் உடலுக்கு மட்டும் ஒரு தொகை தரும், அதில் பொருத்திய கருவிகளுக்கு ஒன்றும் தராது. கப்பலோட்டியின் திறன்களோ நாம் ஆடினாலும் தூங்கினாலும் பெரும்பாலும் நிஜ நேரக் கணக்கில் வளரும். ஒரு பெரிய கப்பலைச் செலுத்தும் தகுதிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

2015 வாக்கில் எங்கள் கார்ப்பரேஷனில் (ஆட்டக்காரர்கள் சேர்ந்து அமைக்கும் குழு) கோயம்புத்தூர்க் கல்லூரி மாணவர் ஒருவர் சேர்ந்தார். அந்த விளையாட்டில் தமிழ்க் குரலைக் கேட்பதே அரிது என்பதால் எனக்கு அவர் மீது தனிப் பரிவு. முதல் வாரத்திலேயே 300 மில்லியன் இஸ்க் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) அனுப்பிவைத்தேன். எனக்கு அது ஓரிரு நாள் வருமானம். அவருக்கோ கனவிலும் காணாத தொகை. அவர் உடனே ரேவன் என்னும் போர்க்கப்பலைக் குறிவைத்து, வேறெதையும் கற்காமல், அதற்குரிய திறன்களை மட்டும் இரண்டு மாதம் வரிசையில் போட்டுக் காத்திருந்தார். கப்பல் வந்த நான்காம் நாள், பாதுகாப்புக் குறைந்த மண்டலத்தின் சிறுகோள் திட்டு ஒன்றில் மூன்று சின்னஞ்சிறு பிரிகேட் வகைக் கப்பல்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. ரேவனின் பெரிய ஏவுகணைகள் அவ்வளவு சிறிய, வேகமான இலக்குகளுக்குக் கீறல் அளவே சேதம் தரும் என்பது அவருக்குத் தெரியாது. சிறு டிரோன்களை ஏற்றிச் செல்ல வேண்டும் என்று நானும் சொல்லியிருக்கவில்லை. "அண்ணா, இவ்வளவு பெரிய கப்பலை இந்தப் பொடிசுகள் எப்படி அடிக்கின்றன?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் உள்நுழையவே இல்லை. இழந்த கப்பலை ஈடுசெய்ய அவரால் முடியாது. என்னிடம் மறுபடி கேட்கக் கூச்சம். என் தாராளம்தான் அவரை வெளியேற்றியது.

இப்போது என் வழக்கம் வேறு. புதியவருக்கு ஒரே மாதிரியாகப் பொருத்திய ஐந்து ரிஃப்டர் பிரிகேட்டுகளைத் தருகிறேன். ஐந்துக்கும் சேர்த்தே செலவு சொற்பம்தான். தரும்போதே, "இந்த ஐந்தும் அழியப்போகின்றன, அழிப்பதற்காகவே தருகிறேன்" என்று சொல்லிவிடுகிறேன். இழக்க முடியாததை ஏறிப் பறக்காதே என்பது ஈவில் எல்லாரும் சொல்லும் முதல் விதி; ஆனால் அதைக் காதால் கேட்பது வேறு, கப்பல் வெடித்து, கப்பலோட்டி இருக்கும் உயிர்க்கூண்டு மட்டும் மிதக்கும்போது உணர்வது வேறு. அந்த நேரத்தில் பக்கத்தில் ஒருவர் இருந்து சிரித்தால் பாதி அதிர்ச்சி போய்விடுகிறது.

முதல் நாளில் இரண்டே விஷயங்கள்தாம் கற்றுக்கொடுப்பேன். ஒன்று, லோக்கல் பட்டியலைக் கண்ணில் வைத்திருப்பது. பெரும்பாலான மண்டலங்களில், உள்ளே யார் நுழைந்தாலும் அதில் பெயர் தெரியும். இன்னொன்று, சில நொடிகளுக்கு ஒருமுறை வி விசையைத் தட்டித் திசை வருடியைப் பார்ப்பது. அது ஏறத்தாழ 14 வானியல் அலகு தூரத்துக்குள் இருக்கும் கப்பல்களைக் காட்டும். மற்ற சாளரங்கள் ஐம்பது இருந்தாலும் மூடிவைக்கச் சொல்கிறேன். பழையவர்களில் சிலருக்கு முதல் நாளே இரண்டு ஆண்டுக்கான திறன் திட்டத்தை அட்டவணையாக அனுப்பிவைக்கும் பழக்கம் உண்டு. அதைப் பார்க்கும் புதியவருக்கு வேலைக்குச் சேர்ந்ததுபோல்தான் தோன்றும்.

மூன்றாம் நாள் சண்டைக்கு அழைத்துப் போவேன். புதியவருக்கு இங்கே பிடித்து நிறுத்தும் வேலை. ஆட்டக்காரர் மொழியில் டேக்கிள். எதிரியின் பெரிய கப்பல் வார்ப் அடித்து, அதாவது அதிவேகத்தில் வேறிடத்துக்குப் பாய்ந்து, தப்பாமலிருக்க, ஒரு பிரிகேட் பத்து கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவுக்குள் நெருங்கி, அந்தப் பாய்ச்சலை முடக்கும் வார்ப் ஸ்க்ராம்ப்ளர் கருவியைப் போட்டுவிட்டால் போதும். அடிக்கும் வேலையை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். புதியவர் எல்லாருமே செய்யும் தவறு, இலக்கைச் சொடுக்கி 'நெருங்கு' பொத்தானை அழுத்துவது. அப்படி அழுத்தினால் கப்பல் நேர்கோட்டில் போகும். நேராக வரும் கப்பல் பீரங்கியின் பார்வையில் அசையாமல் நிற்பதற்குச் சமம். பெரிய பீரங்கி ஒரே வேட்டில் தூக்கிவிடும். இலக்கிலிருந்து சற்று விலகிய வெளியில் இருமுறை சொடுக்கி, பிறகு இன்னும் சற்று உள்ளே, மறுபடி உள்ளே என்று சுருள் வழியில் போக வேண்டும். அப்போது பீரங்கி திரும்பிக்கொண்டே இருக்கும், குறி சிக்காது. நெருங்கிய பின்தான் 'சுற்று' பொத்தான். முதல் ரிஃப்டரை நேர்கோட்டில் போய்த்தான் இழப்பார்கள், அதை நான் தடுப்பதில்லை. இரண்டாவதற்கு நான் முன்னே பறந்து, அவரை என் பின்னால் சுருளாக வரச் சொல்கிறேன். மூன்றாவது பெரும்பாலும் பிழைத்துவிடும். பத்து நாள் ஆடிய ஒருவர் பத்து ஆண்டு ஆடியவரின் கப்பலைப் பிடித்து நிறுத்த முடியும் என்று அவர் கண்டுகொள்ளும் இடம் அதுதான்.

கப்பல் போனவுடன் கில்மெயில் வரும்; யார் அடித்தார்கள், எவ்வளவு சேதம், நம் கப்பலில் என்னென்ன பொருத்தியிருந்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். அதைச் சேர்ந்து படிப்போம். ஆனால் அதற்கு முன், "கடைசி ஒரு நிமிடத்தில் திரையில் என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்பேன். பதிலில் தவறு தானாகவே வெளிவந்துவிடும், நான் சுட்டிக்காட்ட வேண்டிய தேவை பாதி நேரம் எழுவதில்லை.

நம்பிக்கை பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஈவில் ஏமாற்றுவது பெருமளவுக்கு விதிக்கு உட்பட்ட ஆட்டமே. விளையாட்டின் பெரிய வணிக மையமான ஜிட்டா சந்தைக்குப் போனால் "அனுப்பும் பணத்தை இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்ற கூவலே ஓயாது. கற்றுக்கொடுக்கிறேன் என்று அழைத்துப் போய்ச் சுட்டுவீழ்த்துபவர்களும் உண்டு. தொடக்க மண்டலங்களில் மட்டும் புதியவர்களை இப்படித் தூண்டிலிட்டுப் பிடிக்க நிறுவனமே தடை விதித்திருக்கிறது. ஆகவே அந்நியரான நம்மை அவர் சந்தேகிப்பதுதான் அவருக்கு நல்லது. பணமோ பொருளோ நான் ஒருபோதும் கேட்பதில்லை, வேறு யாரும் கேட்டால் நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூடவே, ஒரே ஆளை நம்பியிராமல் வேறு இடங்களிலும் கேட்கச் சொல்கிறேன். புதியவர்களுக்கென்றே ஒரு உதவி அலைவரிசை விளையாட்டுக்குள் இருக்கிறது. ஈவ் யுனிவர்சிட்டி என்று 2004 முதல் ஆட்டக்காரர்களே நடத்தும் ஒரு பயிற்சிக் கார்ப்பரேஷனும் இருக்கிறது. அதன் விக்கியை உறுப்பினர் அல்லாதவரும் படிக்கலாம், நானே இன்றும் அதைத்தான் புரட்டுகிறேன்.

ஐந்து ரிஃப்டர்களும் தீர்ந்தபின் ஆறாவதை நான் தருவதில்லை, அதை அவர் தம் வருமானத்தில் வாங்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, கார்ப் அரட்டையில் அடுத்த புதியவர் ஏதேனும் கேட்டால், விடை தெரிந்தாலும் நான் சிறிது நேரம் எழுதாமல் இருப்பேன். பழைய மாணவர் முந்திக்கொண்டு பதில் சொல்வார், பாதி சரியாக இருக்கும். மீதியை எல்லார் முன்னிலையிலும் திருத்தாமல், தனிச் செய்தியில் அவருக்கு மட்டும் எழுதுவேன். அரட்டையில் அதைச் சரிசெய்து மறுபடி எழுதும் வேலை அவருடையது.